சொட்டும் குழாயும் ஓர் ஆய்வறிக்கையும்

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வறிக்கை எழுத மாணவர்களை எப்படிப் பழக்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1993 முதல் நடக்கும் மாநாடு, 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது, தமிழிலேயே எழுதலாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் முறை அறிக்கையை நானே எழுதிக் கொடுத்தேன். ‘நீர் மாசுபாடும் அதன் விளைவுகளும்’ என்று பெரிய தலைப்பு. பாதி இணையத்தில் எடுத்தது. எட்டாம் வகுப்பு மாணவி மனப்பாடம் செய்து தடுமாறாமல் சொன்னாள். நடுவர் கேட்டது ஒரே கேள்வி: “இதுல நீ அளந்தது எதும்மா?” அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு தலைப்பு கொடுக்கவில்லை. “நம்ம பள்ளிக்கூடத்துல உங்களுக்குத் தொந்தரவா இருக்கிறது எது?” என்று கேட்டேன். கை கழுவும் இடத்தில் ஓயாமல் சொட்டும் குழாயைச் சொன்னார்கள். ‘நீரைச் சேமிப்போம்’ என்பது சுவரில் எழுதும் வாசகம். ‘இந்தக் குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது?’ என்றால் அது கேள்வி. ஒரு லிட்டர் பாட்டிலும் கடிகாரமும் இருந்தால் விடை தேடலாம். அளக்கும் முன் ஊகித்து எழுதச் சொன்னேன். ஐந்து லிட்டர் என்று எழுதினார்கள். கருதுகோள் என்ற சொல்லை அதன் பிறகுதான் சொல்லிக்கொடுத்தேன்.

காலையில் பாட்டில் நிறைய 40 நிமிடம் ஆனது. அப்படியானால் நாளுக்கு 36 லிட்டர். மூன்று நாளும் ஏறக்குறைய அதே அளவு. நான்காம் நாள் மாலையில் வைத்தார்கள், 60 நிமிடம்! “டீச்சர், இதையும் 40னே போட்டுடலாமா?” என்றான் ஒருவன். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

காரணத்தை அவர்களே தேடினார்கள். எங்கள் தொட்டி தாழ்வான மேடையில் இருக்கிறது. காலையில் நிரம்பியிருக்கும், மாலையில் அடியில்தான் தண்ணீர். மறுநாள் மாலை மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு அளந்தார்கள். 41 நிமிடம். நீர்மட்டம் இறங்கினால் அழுத்தம் குறையும் என்று நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! 36 என்பதை அடித்துவிட்டு ‘24 முதல் 36 லிட்டர் வரை’ என்று எழுதினார்கள்.

எழுதும்போது ‘செய்த முறை’யை முதலில் எழுதச் சொல்லுங்கள். தான் செய்ததை எழுதப் பிள்ளைக்குத் தயக்கம் இருக்காது. பிறகு அட்டவணை, முடிவு. முன்னுரையும் சுருக்கமும் கடைசியில் போதும். பிறரிடமிருந்து எடுத்த செய்தி என்றால் எந்தப் புத்தகம், எந்த நாளிதழ், என்ன தேதி என்று அப்போதே குறிக்கவேண்டும். நான் எழுத்துப்பிழையை மட்டும் வட்டமிடுவேன். வாக்கியத்தில் கை வைப்பதில்லை. கை பரபரக்கத்தான் செய்யும்!

மாவட்ட அளவோடு நின்றுவிட்டோம். அறிக்கையின் நகலைப் பிள்ளைகள் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்கள். அந்த வாரமே குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று.

அவர்களின் குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் புரட்டிப் பாருங்கள். 60 என்று எழுதி, அடித்து, மறுபடியும் 60 என்று எழுதிய பக்கம் அதில் இருக்கிறது.