பிள்ளைக்காகப் பேச ஓர் ஆள்

(சாக்கோட்டை வட்டாரப் பெற்றோர்கள், ஆசிரியர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் நல்லா ஓடுற பிள்ளைகளுக்குக் குறைச்சலே இல்லை. குறுவட்டப் போட்டியில் ஜெயிக்கும். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்பு வரை எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். பத்தாம் வகுப்பில் அதே பிள்ளையை மைதானத்தில் தேடினால் இருக்காது. டியூஷனில் இருக்கும், இல்லையென்றால் வீட்டு வேலையில் இருக்கும். பெண்பிள்ளை என்றால் "வயசுக்கு வந்த பிள்ளை, டிராயர் போட்டு ஓடுறதா?" என்ற ஒரு கேள்வியே போதும், கதை முடிந்துவிடும்.

அந்தப் பிள்ளையின் காலில் வலு குறைந்துவிடவில்லை. அதற்காகப் பேச ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். விளையாடச் சொல்லித் தருவது ஒரு வேலை. வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அந்தப் பிள்ளையின் சார்பாக நின்று பேசுவது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் மதுரைப் பக்கம் போவோம். சக்கிமங்கலம் கிராமத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, சின்ன வயதிலேயே அப்பாவையும் அம்மாவையும் இழந்தவர். அவரையும் தங்கையையும் வளர்த்தது அம்மாச்சி ஆரம்மாள். கூலி வேலை பார்த்துத்தான் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். "பொம்பளப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு" என்று சொந்தக்காரர்கள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிப் போட்டியில் ரேவதி வெறுங்காலோடு ஓடியதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பயிற்சிக்கு அனுப்ப ஆரம்மாளுக்கு முதலில் தயக்கம்தான். கண்ணன் அதோடு விட்டுவிடவில்லை; பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தார், விடுதிக்கும் ஏற்பாடு செய்தார். ஓடுவதற்கு ஷூ கிடைக்க வழி செய்தவரும் அவர்தான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். தங்கை காவல்துறையில் சேர்ந்தார்.

கண்ணன் செய்ததைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க. பயிற்சி கொடுத்தது அதில் ஒரு பங்குதான். வீட்டில் பேசியது, கல்லூரியில் பேசியது, தங்க இடம் பார்த்தது, காலுக்கு ஷூ பார்த்தது எல்லாம் மைதானத்துக்கு வெளியே நடந்தவை. அவை நடக்காமல் போயிருந்தால் அந்த ஓட்டம் சக்கிமங்கலத்தோடு நின்றிருக்கும்.

இப்போது நம்ம பக்கத்து மாவட்டத்துக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். அடுத்து நடந்த பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். சொந்த உடம்பைப் பற்றிய செய்தி ஊர் முழுக்கப் பேசப்பட்டது. தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. ஆனால் பதக்கத்துக்காக அவர் சார்பில் எந்த விளையாட்டு அமைப்பும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

2014இல் ஒடிசாவின் டூட்டி சந்துக்கும் ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி அதே மாதிரி தடை வந்தது. இந்தத் தடவை பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். பயோஷ்னி மித்ரா என்ற ஆய்வாளர் துணை நின்றார். இந்திய விளையாட்டு ஆணையம் ஆதரவு கொடுத்தது. வழக்கு சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் அந்த மன்றம் விதியையே நிறுத்தி வைத்தது. டூட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கினார். இரண்டு பேருக்கும் வந்த சிக்கல் ஒரே வகைதான். சார்பாகப் பேச ஆள் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

சாந்தி ஒதுங்கிப் போய்விடவில்லை. புதுக்கோட்டையில் பிள்ளைகளைச் சேர்த்து ஓடப் பழக்கினார். நடுவில் சூளை வேலைக்கும் போக வேண்டி வந்தது. பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். தனக்குக் கிடைக்காத துணையை மற்ற பிள்ளைகளுக்குத் தானே கொடுத்தார் அவர்.

சரி, "நமக்கு விளையாட்டே தெரியாதே, நாம என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீங்க. ஆரம்மாளுக்கும் ஓட்டப் பயிற்சி தெரியாது. விளையாட்டுத் தெரியாதவர்கள் செய்ய வேண்டிய வேலைகளே நிறைய இருக்கின்றன.

முதலாவது, காகிதம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்க. நம்ம ஊரில் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும், எழுத்துக்கூட்டு மாறியிருக்கும். போட்டிக்கு முந்தின நாள் அதைத் திருத்த முடியாது. ஜெயித்த சான்றிதழ், கலந்துகொண்ட சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கிய அன்றே செல்போனில் தெளிவாகப் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்க. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. அங்கே பேசுவது சான்றிதழ்தான். இன்னொன்று, வயதைக் குறைத்துக் காட்டாதீங்க. கை எலும்பு எக்ஸ்ரேயில் வயது வெளியே வந்துவிடும். கெடுவது பிள்ளையின் பெயர்.

இரண்டாவது, தகவல். விளையாட்டு விடுதிச் சேர்க்கைக்கான தேர்வு, முதலமைச்சர் கோப்பைக்கான பதிவு இரண்டையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, வசதியில்லாத வீரர்கள் உதவி கேட்டு விண்ணப்பிக்க வழி செய்கிறது. சந்தேகம் இருந்தால் சிவகங்கையில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேளுங்க. "பணம் கொடுத்தா விடுதியில சீட் வாங்கித் தர்றேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. விளையாட்டைப் படிப்பாகவும் தொழிலாகவும் எடுக்க முடியும் என்பதை ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டுங்க.

மூன்றாவது, பள்ளியில் பேச்சு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் விளையாட்டு வகுப்பை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களும் உறுப்பினர்கள்தான். கூட்டத்தில் மரியாதையாக எழுந்து கேளுங்க. போட்டிக்குப் போன நாளில் நடந்த பாடத்தைப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்க. படிப்பும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. நேரத்தைப் பிரித்துக் கொடுக்கப் பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. இதை மறைக்காமல் சொல்கிறேன். பயிற்சி நடக்கும் இடத்துக்கு எந்த நேரத்திலும் பெற்றோர் வரலாம் என்று இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்பிள்ளைகள் போனால் கூட ஒரு பெண் ஆசிரியரோ ஒரு தாயோ போக வேண்டும். பிள்ளை திடீரென்று "இனிமே பயிற்சிக்குப் போக மாட்டேன்" என்றால் திட்டாதீங்க, பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேளுங்க. தவறாக ஏதாவது நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் இப்போதே போனில் பதிந்து வையுங்க, பிள்ளைக்கும் சொல்லி வையுங்க. கோப்பை போய்விடும் என்று பயந்து வாய் மூடியிருக்கக் கூடாது. நல்ல பயிற்சியாளர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போகாது. ரேவதி ஓடிய அணியும் டோக்கியோவில் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அதனால் ஆரம்மாள் பட்ட பாடு வீணாகிவிட்டதா? பேத்திகள் இரண்டு பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். ஓடிய பிள்ளைக்கு உடம்பு திடமாகும், தோல்வியைத் தாங்கத் தெரியும், நாலு ஊர் பழகும். பதக்கம் வந்தால் அதற்கு மேல்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, மைதானத்துக்குப் போகிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "உனக்கு இப்ப என்ன தேவை?" என்று கேளுங்க. ஷூவாக இருக்கலாம், சான்றிதழில் ஒரு திருத்தமாக இருக்கலாம், அப்பாவிடம் பேச ஓர் ஆளாக இருக்கலாம். உங்களால் முடிந்ததைச் செய்யுங்க. முடியாததற்கு யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்க.