சிக்கனம் எங்கே தொடங்க வேண்டும்?

குடும்பச் சிக்கனத்தைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும், செலவைக் குறைக்க விரும்பும் எந்தக் குடும்பத்திலும் குறைப்பதற்கு ஏதேனும் இருக்கும் என்னும் அனுமானத்தோடு தொடங்குகின்றன. நடுத்தர வருவாய்க்கும் கீழேயுள்ள குடும்பங்களைப் பொறுத்தவரை அந்த அனுமானம் பாதிதான் உண்மை. குறைக்கக்கூடியவை அங்கும் உண்டு. ஆனால் அவை உடனே கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுபவையோ குறைக்கக்கூடாதவை. மாத வரவு செலவில் துண்டு விழும்போது ஒரு குடும்பம் எதை முதலில் விட்டுக்கொடுக்கிறது என்னும் கேள்வி பொருளாதார மாணவர்களுக்கும், நலத்திட்டங்களை நடத்தும் அலுவலர்களுக்கும் ஒருங்கே உரியது.

குடும்பச் செலவைப் பற்றிய ஆய்வு புதியதன்று. செருமானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல், வருவாய் குறையக் குறைய மொத்தச் செலவில் உணவின் பங்கு கூடுகிறது என்னும் விதியை 1857-ஆம் ஆண்டில் வெளியிட்டார். (பொதுவுடைமைச் சிந்தனையாளர் எங்கெல்ஸ் வேறு, தேர்வுத் தாள்களில் இவ்விருவரும் இடம் மாறிவிடுவது வழக்கம்.) இந்தியாவில் பம்பாய்த் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு 1921-22-இல் ஆராயப்பட்டது. 1931-இல் அறிக்கை அளித்த அரச தொழிலாளர் ஆணையம், பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாகவும், பெரும்பாலோரின் கடன் மூன்று மாதக் கூலியையும் மிஞ்சுவதாகவும் கண்டது. விடுதலைக்குப் பின் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இப்பணியை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது.

2023-24-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இலவசமாகப் பெற்ற பொருள்களின் மதிப்பைச் சேர்க்காமல், நபர் ஒருவரின் சராசரி மாதச் செலவு ஊரகப் பகுதிகளில் 4,122 ரூபாய், நகர்ப்பகுதிகளில் 6,996 ரூபாய். இதில் உணவின் பங்கு ஊரகத்தில் 47.04 சதவீதம், நகரத்தில் 39.68 சதவீதம். 1999-2000-இல் இவை முறையே 59.40 சதவீதமாகவும் 48.06 சதவீதமாகவும் இருந்தன. எங்கெல் விதியைக் கொண்டு பார்த்தால் இது வாழ்க்கைத்தர உயர்வின் அறிகுறியே. நாடு முழுமைக்கும் அது பொருந்தும். ஆயினும் தனித்த ஒரு குடும்பத்தின் கணக்கில் உணவின் பங்கு குறைவாக இருப்பதைக் கண்டவுடன் அதே முடிவுக்கு வந்துவிடுவது பிழையாகும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டாக, போபால் போன்ற ஒரு நகரில் கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரு குழந்தைகள், கணவனின் தாயார் என ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். இது கணக்குக்காக அமைத்துக்கொண்ட குடும்பமே, எண்களும் அத்தகையவையே. மாத வருவாய் 24,000 ரூபாய். வீட்டு வாடகை 6,000, உணவு 9,500, எரிவாயுவும் மின்சாரமும் 1,900, போக்குவரத்து 2,000, பள்ளிச் செலவு 2,000, மருந்து 1,200, தொலைபேசி 600, கடன் வட்டியும் தவணையும் 2,400, துணிமணி, சோப்பு முதலிய பிற செலவுகள் 1,400. மொத்தம் 27,000 ரூபாய். மாதந்தோறும் 3,000 ரூபாய் துண்டு விழுகிறது.

இக்குடும்பத்தில் தலைக்கு 5,400 ரூபாய் செலவாகிறது. இது நகர்ப்புறச் சராசரியைவிடக் குறைவு. எங்கெல் விதியின்படி உணவின் பங்கு சராசரியைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். ஆனால் இங்கு அது 35 சதவீதமே. செழிப்பினால் குறைந்த பங்கு அன்று இது. வாடகையும் வட்டியும் தேதி தவறாமல் வந்து தங்கள் பங்கைப் பெற்றுச் சென்றபின் எஞ்சியது உணவுக்கு விடப்படுகிறது. வீட்டுக்காரருக்கும் கடன்காரருக்கும் தவணை சொல்ல முடியாது, அடுப்பங்கரைக்குச் சொல்லிவிடலாம்.

ஆகவே துண்டு விழும் மாதத்தில் முதல் வெட்டு எங்கே விழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பால் அரை லிட்டராகிறது. லிட்டர் 56 ரூபாய் எனக் கொண்டால் மாதம் 840 ரூபாய் மிச்சம். நான்கு கிலோப் பருப்பு இரண்டரைக் கிலோவாகிறது. கிலோ 130 ரூபாய் வீதம் 195 ரூபாய். பழமும் முட்டையும் பெருமளவு நின்றுபோகின்றன. அதில் ஒரு 465 ரூபாய். ஆக 1,500 ரூபாய். இவ்வளவு செய்தும் துண்டில் பாதிதான் அடைபட்டது.

இந்தப் பாதிக்கு என்ன விலை என்பதையும் கணக்கிட வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ந்த ஒருவரின் அன்றாட உணவில் பருப்பு, முட்டை, இறைச்சி வகைகள் சேர்ந்து 85 கிராமும், பால் 300 மில்லி லிட்டரும் இடம்பெறுகின்றன. குழந்தைகள் இருவர் என்பதால் தலைக்கு 60 கிராம் எனக் குறைத்துக்கொண்டாலும் ஐவருக்கு மாதத்துக்கு 9 கிலோ வேண்டும். வெட்டுவதற்கு முன்பே இக்குடும்பம் அந்த அளவை எட்டவில்லை. எஞ்சிய பருப்பும் பாலும் வீட்டுக்குள் சமமாகப் பங்கிடப்படுவதும் அரிது. குழந்தைகளுக்கும், உழைத்து வருபவருக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்பவர் இல்லத்தரசி. 2019-21-இன் தேசிய குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினரும், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதத்தினரும் இரத்தசோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். இதற்குக் காரணங்கள் பல. குடும்பச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. ஆயினும் இந்நிலையிலுள்ள நாட்டில், பாலையும் பருப்பையும் குறைத்துச் சேர்த்த பணத்தைச் சேமிப்பு என்று எழுதுவது கணக்கியல் நோக்கிலும் பொருந்தாது. ஒரு தலைப்பில் குறைந்த செலவு சில மாதங்கள் கழித்து மருந்து என்னும் மற்றொரு தலைப்பில் திரும்பி வருகிறது.

அளவைக் குறைப்பதா, விலையைக் குறைப்பதா?

செலவு என்பது அளவையும் விலையையும் பெருக்கி வருவது. வாங்கும் அளவைக் குறைப்பது ஒரு வகைச் சிக்கனம். அதே அளவைக் குறைந்த விலைக்குப் பெறுவது மற்றொரு வகை. வசதி குறைந்த குடும்பங்கள் பலவற்றையும் வசதியுள்ளவர்களைவிடக் கூடுதல் விலைக்கு வாங்குகின்றன என்பது உண்மை. அதனால் இரண்டாம் வகைச் சிக்கனத்துக்கு அங்கேதான் இடம் அதிகம்.

அவற்றுள் தலையாயது பணத்தின் விலையாகிய வட்டி. மேற்சொன்ன குடும்பம் தாயாரின் மருத்துவத்துக்காக நூற்றுக்கு 5 வட்டியில் 30,000 ரூபாய் வாங்கியிருப்பதாகக் கொண்டால், மாத வட்டி 1,500 ரூபாய். 'ஐந்து வட்டி' என்று சொல்லும்போது அது சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. ஆண்டுக்கு அது 60 சதவீதம். மாதம் மூன்றரை சதவீத வட்டி விதிக்கும் கடன் அட்டையும் அதற்கு அதிகம் பின்தங்கியதன்று. கூட்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 51 சதவீதத்தை அது தொடுகிறது. இதே 30,000 ரூபாயை வங்கியில் நகைக் கடனாக ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் பெற்றுப் பழைய கடனை அடைத்தால் மாத வட்டி 300 ரூபாய். மிச்சம் 1,200 ரூபாய். பாலை நிறுத்திச் சேர்த்ததைவிட இது அதிகம். ஒருவருடைய தட்டிலும் கை வைக்கவில்லை. நகை இல்லாத குடும்பத்துக்கு இவ்வழி அடைபட்டதே. அங்குச் சுயஉதவிக் குழுவும் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கமும் பயன்படும். நபார்டு வங்கி 1992-இல் தொடங்கிய குழு-வங்கி இணைப்பின் நோக்கமே இத்தகைய கடன் மாற்றத்துக்கு வழி செய்வதுதான். ஊரகப் பகுதிகளில் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனை 7 சதவீத வட்டியில் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது.

அடுத்தது மருந்து. வணிகப் பெயர் இல்லாத, மூலப்பெயர் மருந்துகளை விற்கும் மக்கள் மருந்தகத் திட்டம் 2008-இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள விலை வணிகப் பெயர் மருந்துகளின் விலையில் பாதியோ அதற்கும் குறைவோ ஆகும். எல்லா மருந்தும் எல்லா மருந்தகத்திலும் இருப்பதில்லை. மருத்துவரைக் கேளாமல் மாற்றிக்கொள்வதும் கூடாது. ஆனால் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றுக்கு ஆண்டு முழுவதும் உட்கொள்ளும் மாத்திரைகள் பெரும்பாலும் கிடைக்கும். 1,200 ரூபாயில் 500 ரூபாயேனும் குறையும் என எதிர்பார்க்கலாம்.

மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குவது மூன்றாவது. கடன் கொடுக்கும் கடைக்காரர் வட்டி கேட்பதில்லை, விலையில் சேர்த்துக்கொள்கிறார். கடன் உள்ளவரை வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகவும் இயலாது. நாள்தோறும் சிறு சிறு பொட்டலங்களாக வாங்குவதும் இதைச் சார்ந்ததே. பொட்டலப் பொருள்களுக்கான விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதை உறையின்மீது அச்சிடச் சொல்கிறது. இந்த எண்ணைப் பார்த்து வாங்குவோர் மிகச் சிலரே. பள்ளிக் கணக்குப் பாடத்தில் இதற்கு ஓர் இடம் தரலாம். மொத்தமாக வாங்க முதல் வேண்டும் என்பதே ஏழைக் குடும்பத்தின் இடர்ப்பாடு. அந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கத்தான் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மத்திய அரசு ஊழியர்களுக்காக 1963-இல் கேந்திரிய பண்டார் அமைந்தது. மாத முதலில் ஐந்தாறு குடும்பங்கள் கூடிப் பருப்பும் எண்ணெயும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வதற்குப் பதிவு எண் எதுவும் தேவையில்லை. இவ்வகையில் 350 ரூபாய் மிச்சமாகும் எனலாம்.

பணிக்குச் செல்ல இருசக்கர வண்டிக்குப் பதிலாக, வழித்தடம் இருக்குமாயின், மாதப் பேருந்துச் சீட்டைப் பயன்படுத்தினால் 500 ரூபாய். உறையிலிட்ட தின்பண்டங்களிலும் வெளித் தேநீரிலும் 400 ரூபாய். தயார் உணவும் பானங்களும் நகர்ப்புற நுகர்வுச் செலவில் 11.09 சதவீதமாகிவிட்டன, அரிசி, கோதுமை முதலிய தானியங்களின் பங்கு 3.76 சதவீதமே. எனினும் தொழிலாளியின் தேநீரை ஊதாரித்தனம் என்று கண்டிப்பது, பகல் முழுதும் நின்றுகொண்டு வேலை செய்து பாராதவர்களின் வழக்கம். மூன்று தேநீரில் ஒன்றைக் குறைப்பதே இங்குக் கருதப்படுவது.

ஆக 1,200, 500, 350, 500, 400 சேர்ந்து 2,950 ரூபாய். இன்னும் 50 ரூபாய் துண்டு விழுகிறது. பருப்பை ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் வேகவைத்து, எரிவாயு சிலிண்டர் மாதத்தில் இரண்டொரு நாள் கூடுதலாக வருமாறு பார்த்துக்கொண்டால் அதுவும் அடைபடும். பாலும் பருப்பும் இருந்தபடியே இருக்கும்.

2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தகுதி பெற்ற குடும்பமாயின் நிலைமை மேலும் இலகுவாகும். முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தலைக்கு 5 கிலோ வீதம் வழங்கப்படும் தானியம் 2023 ஜனவரி முதல் விலையின்றி அளிக்கப்படலாயிற்று. ஐவருக்கு 25 கிலோ. கிராமத்திலிருந்து நகருக்கு வந்த குடும்பங்கள் தங்கள் அட்டை சொந்த ஊரில் இருப்பதால் இது தமக்கில்லை எனக் கருதிவிடுகின்றன. எந்த மாநிலத்திலும் தானியம் பெறும் ஏற்பாடு 2019-இல் தொடங்கி 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் பரவிவிட்டது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்வது கள அலுவலரின் கடமை.

மாதக் கணக்கில் வராத செலவுகள்

மாதக் கணக்கை இவ்வாறு சரிசெய்த குடும்பமும் ஜூன் மாதத்தில் மீண்டும் கடன் வாங்குவதைக் காணலாம். பள்ளி திறப்பு, பண்டிகை, உறவினர் திருமணம் ஆகியவை மாதாந்தரச் செலவுகள் அல்ல; ஆனால் ஆண்டுதோறும் தவறாமல் வருபவை. எதிர்பாராத செலவு என்று இவற்றைக் கூறுவது தவறு. தீபாவளி எந்த மாதத்தில் வரும் என்பது யாவருக்கும் தெரியும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் இவ்வகையில் தேவையெனில் மாதம் 500 ரூபாய் ஒதுக்கப்பட வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். மேற்படிக் குடும்பத்தின் தொலைபேசித் தவணை 900 ரூபாய் முடிவடையும் மாதத்தில், அத்தொகை வேறு செலவில் கரைந்துவிடுமுன் அதிலிருந்து 500 ரூபாயை வைப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவதே எளிய வழி.

எஞ்சிய 400 ரூபாயை மின்விசிறிக்கு ஒதுக்கலாம். 75 வாட் விசிறிக்கு மாற்றாக 30 வாட் விசிறி பொருத்தி நாளுக்கு 15 மணி நேரம் ஓட்டினால், கோடை மாதமொன்றில் 20 யூனிட் மின்சாரம் குறையும். யூனிட் 7 ரூபாய் எனில் 140 ரூபாய். ஆனால் புதிய விசிறிக்கு முன்பணம் வேண்டும்; கடன் வாங்கி இதைச் செய்தால் மிச்சமெல்லாம் வட்டிக்கே போய்விடும். அதனாலேயே இது வட்டிக் கடனை மாற்றியபின், தவணை முடிந்தபின் செய்ய வேண்டியதாக இங்கு வைக்கப்பட்டது.

குடும்பங்களைச் சந்திக்கும் அலுவலர்கள் வழக்கமாக வருவாயையும் சேமிப்பையும் கேட்டுப் படிவத்தில் நிரப்புகின்றனர். அவற்றோடு, சென்ற மாதம் பணம் போதாதபோது வீட்டில் முதலில் நிறுத்தப்பட்டது எது, வாங்கிய கடனுக்கு நூற்றுக்கு எத்தனை வட்டி என்னும் இரு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வியை இல்லத்தரசியிடம், கணவரும் மாமியாரும் அருகில் இல்லாத வேளையில் கேட்பது நல்லது.