11 ஊரார் கூடிக் கட்டிய பாலம்



ஸ்பெயின் தேசத்தின் மேற்குப் பாகத்தில், போர்த்துக்கல் எல்லைக்குச் சமீபத்தில், அல்காந்தரா என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. அரபு மொழியிலிருந்து வந்த அப்பெயருக்குப் பாலம் என்பதே பொருள். ஊருக்குப் பெயரளித்த அந்தப் பாலம், டேகஸ் என்னும் பெருநதியின் மீது கி. பி. 104 முதல் 106 வரையில், டிராஜன் என்னும் ரோமச் சக்கரவர்த்தியின் காலத்தில் கட்டப்பெற்றது. 1,900 ஆண்டுகளுக்கு மேலாகியும் அது இன்றும் நிற்கிறது. அதற்குப் பொருளுதவியவர் யாவர், அது நிலைத்திருப்பது எவ்வாறு, அதற்கு நேர்ந்த சேதங்கள் யாவை என்பன கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரும் அறியத்தக்க விஷயங்களாகும்.

அவ்விடத்தில் டேகஸ் நதி செங்குத்தான பாறைக் கரைகளுக்கிடையே குறுகி ஓடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் விரியும்படி இடமில்லாமையால் நீர்மட்டம் மிகவும் உயரும். ஆகவே அங்கே அமையும் பாலம் மிக உயரமானதாயிருத்தல் அவசியமாயிற்று. இந்தப் பாலம் நதியின் அடித்தளத்திலிருந்து சுமார் 150 அடி உயரமும், சுமார் 600 அடி நீளமும் உள்ளது. ஆறு வளைவுகளின் மீது பாதை ஏறக்குறையச் சமமாகச் செல்கிறது. நடுவிலுள்ள இரு பெரிய வளைவுகள் ஒவ்வொன்றும் சுமார் 90 அடி அகலமுள்ளவை.

இத்தகைய வேலைக்கு எவ்வளவு பொருள் வேண்டியிருக்கும் என்பதை ஊகித்தறியலாம். நதியின் சுற்றுப்புறத்தில் இருந்தவை பெரும்பாலும் சிறிய ஊர்ச் சமுதாயங்களே. அவற்றுள் எதுவும் தனித்து நின்று இந்தப் பாலத்தைக் கட்டியிருக்க முடியாது. அக்காலத்தில் அந்தப் பிரதேசம் லூஸிட்டானியா என்னும் ரோம மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாகாணத்தைச் சேர்ந்த 11 சமுதாயத்தார் தங்களுக்குள் பணம் வசூலித்துச் சேர்த்து, பாலத்தின் வேலையை நிறைவேற்றினார்கள். இவ்விஷயம் செவிவழிக் கதையன்று. பாலத்தின் நடுவே சக்கரவர்த்தியின் கீர்த்திக்காக எழுப்பப்பட்ட கல் தோரணத்தில் ஒரு சாசனம் பதிக்கப்பட்டிருந்தது. அதில் அந்த 11 சமுதாயங்களின் பெயர்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றாகிய இகெதித்தானியர் என்பாரின் ஊர், இப்பொழுது போர்த்துக்கல் தேசத்தில் இதான்யா-அ-வேல்யா என்னும் சிறு கிராமமாக இருக்கிறது.

அந்தச் சாசனத்தில் இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு இல்லை. செல்வம் மிக்க ஊரும் எளிய ஊரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பெருந்தொகை கொடுத்தவருக்கு அகலமான பாதையும் சிறுதொகை கொடுத்தவருக்குக் குறுகிய பாதையும் அமைப்பது இயலாதாகையால், அனைவருக்கும் ஒரே பாலமே கிடைத்தது.

வேலையை நடத்திய சிற்பியின் பெயர் காயஸ் ஜூலியஸ் லாசர். பாலத்தின் ஒரு கரையில் உள்ள சிறிய கற்கோவிலின் சாசனத்தில் அவர் பெயர் காணப்படுகிறது. அவர் பாலத்தின் தூண்களைப் பாறையின்மேலேயே நிறுத்தினார். வெள்ளம் வரும் திசையில், நீரைப் பிளந்து இருபுறமும் ஒதுக்குமாறு, தூண்களுக்குக் கூர்முனை அமைத்தார். கருங்கற்களை ஒன்றோடொன்று நன்கு பொருந்தும்படி செதுக்கச் செய்து, சாந்து சேர்க்காமலே அடுக்குவித்தார்.

சாந்தில்லாத கற்கள் எவ்வாறு நிற்கும் என்று ஐயம் எழலாம். வளைவு கட்டுவோர் முதலில் மரச்சாரம் அமைத்து, அதன்மேல் இருபக்கமிருந்தும் கற்களை அடுக்கி வருவர். உச்சிக்கல் வைக்கும் வரையில் வளைவுக்குச் சொந்த பலம் கிடையாது. பாரமெல்லாம் சாரத்தின்மேலேயே இருக்கும். உச்சிக்கல்லை வைத்துச் சாரத்தைப் பிரித்ததும், ஒவ்வொரு கல்லும் கீழே விழ முயல்கிறது. பக்கத்துக் கற்கள் அதனை விழவொட்டாமல் நெருக்கிப் பிடிக்கின்றன. மேலே பாரம் ஏறுந்தோறும் அந்தப் பிடிப்பு இறுகுகிறது. எந்தக் கல்லை விழச் செய்யுமோ அந்தப் பாரமே, கற்கள் கூடியிருக்கும்பொழுது அவற்றைத் தாங்கும் பலமாக மாறுகிறது. கூடி நிற்பதன் பயனுக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

இனி, பாலத்துக்கு நேர்ந்த சேதங்களைக் கவனிப்போம். 1,900 ஆண்டுகளாக வந்த வெள்ளங்கள் அதனை வீழ்த்தவில்லை. வளைவுகளை உடைத்தவர்கள் மனிதர்களே. 1214-ல் நடந்த யுத்தத்தில் சிறிய வளைவு ஒன்று இடிக்கப்பட்டது. 1543-ல்தான் அது மறுபடியும் கட்டப்பட்டது. 1809-ல் பிரெஞ்சுச் சேனை நதியைக் கடவாதபடி தடுக்கும் பொருட்டு, எதிர்ப்படையினர் வெடிமருந்து வைத்து ஒரு வளைவைத் தகர்த்தனர். ஏனைய ஐந்து வளைவுகளும் பழுதின்றியே நின்றன. ஆயினும் அவற்றால் வழிப்போக்கருக்கு என்ன பயன்? ஒரு வளைவு இல்லாத பாலம், பாலமே இல்லாததற்குச் சமானமாயிற்று.

1812-ல் ஆங்கிலேயப் பொறியாளர் அந்த இடைவெளியில் கயிறுகளைப் பின்னிக் கட்டித் தங்கள் படைக்கு வழி செய்தனர். 1819-ல் தற்காலிகமாகப் பழுது பார்க்கப்பட்டது. 1836-ல் உள்நாட்டு யுத்தத்தில் அதுவும் தீக்கிரையாயிற்று. கல்லால் செம்மையாகத் திருப்பிக் கட்டும் வேலை 1860-ல்தான் முடிவுற்றது. ஒரு நாளில் உடைந்ததைச் சரிவர அமைக்க அரை நூற்றாண்டு சென்றது. இடையிற் செய்த அவசரச் சிகிச்சைகள் எவையும் நிலைக்கவில்லை. பிற்காலத்தில், 1969-ல், பாலத்துக்குச் சற்று மேலே பெரிய அணை ஒன்று கட்டி முடிக்கப்பட்டது.

அங்கத்தினர்களே! சங்கம் என்பதும் இத்தகைய ஒரு பாலமே. சிறு சிறு பங்குத் தொகைகளால் அது எழும்புகிறது. ஒருவருடைய நாணயம் மற்றொருவருடைய நாணயத்தைத் தாங்குவதால் நிற்கிறது. தவணை தவறுகிறவர் தம் கடன் சிறிதென்று எண்ணலாம். ஆனால் அவர் இடத்தில் விழும் இடைவெளி எல்லோருடைய வழியையும் தடுத்துவிடுகிறது. அந்த இடைவெளியை வேறிடத்தில் வாங்கிய புதுக் கடனால் மூடுவது, உடைந்த வளைவைக் கயிற்றாலும் மரத்தாலும் மூடியதற்கு ஒப்பாகும். சேம நிதியை நல்ல காலத்திலேயே வளர்த்துப் பழுதை உடனுக்குடன் சீர்செய்வதே கல்லால் கட்டும் முறை.

பணம் கொடுத்த அந்த 11 சமுதாயத்தாரின் பேச்சும் வழக்கமும் என்றோ மறைந்துபோயின. அவர்கள் ஒன்றுகூடிச் சேர்த்த பணத்தால் எழுந்த பாலமோ இன்னும் டேகஸ் நதியின் இரு கரைகளையும் இணைத்து நிற்கிறது.