விட்டதைப் பிடிக்கப் போனால்

(மூத்தோருக்கான நலக்கல்வி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மருத்துவர் இல்லை. உங்கள் கைக்கு வரும் இதுபோன்ற கையேடுகளைத் தமிழாக்கம் செய்பவள். சூதாட்டம் பற்றிய ஒரு கையேட்டில் ‘இழப்பைத் துரத்துதல்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த என் சித்தப்பா, “என்னம்மா துரத்துறது? விட்டதைப் பிடிக்கிறதுன்னு போடு” என்றார். அவருக்குத் தெரியும். அவர் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் அனுமதியோடுதான்.

சித்தப்பா பணி ஓய்வு பெற்றவர். காலை எட்டு மணிக்குக் காப்பிக்கடையில் உட்கார்ந்தால், அமெரிக்காவில் அப்போது முந்தைய நாள் இரவு. அங்கே கூடைப்பந்து ஆட்டம் தொடங்கும் நேரம். நண்பர் ஒருவர் கைப்பேசியில் பந்தயம் கட்டும் தளத்தைக் காட்டிக்கொடுத்தார்.

2023 இறுதியில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் என்ற குழு தோற்றுக்கொண்டே இருந்தது. தொடர்ந்து இருபது ஆட்டம் தோற்றபோது சித்தப்பாவுக்கு ஒரு கணக்கு தோன்றியது. “இருபது தடவை தோத்தவன் இருபத்தொண்ணாவது தடவையும் தோப்பானா?” 50 வெள்ளி கட்டினார். தோற்றது. 100 கட்டினார். பிறகு 200, 400, 800, 1,600. ஆறு ஆட்டமும் தோல்வி. இரண்டு வாரத்துக்குள் 3,150 வெள்ளி போய்விட்டது. மசேநி பணத்தில் மாதச் செலவுக்கு ஒதுக்கியது அது. சின்னம்மாவுக்குத் தெரியாது.

அவர் கணக்கில் எங்கே பிழை? நாணயத்தைச் சுண்டினால் ஐந்து தடவை தலை விழுந்த பிறகும், ஆறாவது தடவை பூ விழும் வாய்ப்பு பாதிதான். நாணயத்துக்கு நினைவில்லை. கூடைப்பந்துக் குழு நாணயம் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது தோற்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன: இளம் ஆட்டக்காரர்கள், காயம், பலமான எதிரணி. இருபது தடவை தோற்றதால் அந்தக் காரணங்கள் மறைந்துவிடுவதில்லை. அதோடு, பந்தயம் நடத்துபவரும் செய்தி படிக்கிறார். அத்தனை தோல்வியையும் கணக்கில் வைத்துத்தான் விகிதம் போடுகிறார், தன் பங்கையும் எடுத்துக்கொண்டு. வழக்கமான ஒரு பந்தயத்தில் 110 வெள்ளி கட்டினால்தான் 100 வெள்ளி லாபம் கிடைக்கும். அதில் கையைக் கடிக்காமல் இருக்கவே 21 ஆட்டத்தில் 11 ஆட்டம் சரியாகச் சொல்ல வேண்டும்.

பிஸ்டன்ஸ் மொத்தம் 28 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. என்பிஏ வரலாற்றிலேயே மிக நீண்ட தோல்வி வரிசைக்குச் சமம். டிசம்பர் 30ஆம் தேதி டொரொன்டோவை 129-127 என்று வென்றது. இங்கேதான் எனக்குப் பயம். அந்த வெற்றி சித்தப்பாவை நிறுத்தவில்லை. “நான் சொன்னது சரிதானே, இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தா…” என்று நண்பரிடம் 2,000 வெள்ளி கடன் வாங்கினார். முன்பு தோற்கிறது என்பதற்காகக் கட்டினார். இப்போது ஜெயிக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்காகக் கட்டினார். அடுத்த ஆட்டத்திலேயே ஹியூஸ்டனிடம் தோற்றது. அந்தப் பருவம் முடிந்தபோது 82 ஆட்டத்தில் 14 வெற்றிதான்.

கண்டுபிடித்தது சின்னம்மா. கைப்பேசியைக் கழிவறைக்குக் கூட எடுத்துப் போனார், இரவில் தூக்கமில்லை, நீரிழிவு மாத்திரை வாங்கப் போவதைத் தள்ளிப்போட்டார். சின்னம்மா சத்தம் போடவில்லை. “எவ்வளவு போச்சு? கணக்கைச் சொல்லுங்க, சேர்ந்து பார்ப்போம்” என்றார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்ததாகச் சித்தப்பா பிறகு சொன்னார். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், கடனை அடைக்கப் பணம் கொடுப்பதற்கு முன் முழுக் கணக்கையும் கேளுங்கள். கொடுக்கிற பணமும் பந்தயத்துக்கே போகலாம்.

இன்னொரு செய்தி. இதைப் பலர் அறிவதில்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குச் சூதாடும் உந்துதலை ஏற்படுத்தலாம். மருந்து தொடங்கிய பிறகு புதிதாக ஆசை வந்தால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டமும் இருக்கிறது. உரிமம் இல்லாத தளத்தில் பந்தயம் கட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நண்பர் காட்டிக்கொடுத்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

சூதாட்டப் பிரச்சினை உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. சூதாடுபவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. மனைவி, பிள்ளைகள் யாரும் அழைக்கலாம். தமிழில் பேச விரும்பினால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனநலக் கழகத்திலும் இதற்கெனச் சிகிச்சைப் பிரிவு உண்டு.

சித்தப்பா இப்போதும் ஆட்டம் பார்க்கிறார். கைப்பேசியை மேசைமேல் குப்புற வைத்துவிட்டு. நண்பரின் கடனில் இன்னும் 600 வெள்ளி பாக்கி. மாதம் 100 வெள்ளி கொடுக்கிறார், சின்னம்மா கையால்.

பின்னால் தேநீர் வைத்திருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்குபவர்கள் என்னிடம் தனியாக வந்து பேசலாம், நான் ஐந்து மணி வரை இருப்பேன்.