பூக்கள் பார்க்கும் பொருத்தம்



கோணேசப் பெருமானுக்கென்று நாள்தோறும் பூக்கொய்கின்றோம். அப்பூவினுள்ளே நிகழும் ஒரு சோதனையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அதனையே பேச எடுத்துக்கொண்டோம்.

நிலாவெளிப் பக்கம் நிற்கும் பனைகளுள் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. ஆதலால் ஒரு பனை தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலியிற் படரும் கொடித்தோடையிலோ மகரந்தமும் சூலகமும் ஒரே பூவில் இருக்கின்றன. மஞ்சட்பழம் தரும் கொடியை ஒற்றையாக வளர்ப்பவர்கள், "பூ நிறையப் பூக்கின்றது, காயைத்தான் காணோம்" என்று குறைப்படுவர். மண்ணைப் பழிப்பர், கண்ணூறு என்பாரும் உளர். மண்ணிலும் குற்றமில்லை, கண்ணிலும் குற்றமில்லை. அந்தப் பூ தன் கொடியின் மகரந்தத்தை ஏற்க மறுக்கின்றது. அக்கொடியிலே தண்டு வெட்டிப் பத்துக் கொடி நட்டாலும் பயனில்லை. பத்தும் ஒரு கொடியே. வேறு விதையில் முளைத்த கொடியொன்று அயலில் வேண்டும். மகரந்தத்தைச் சுமந்து செல்லக் கரிய பெருவண்டும் வேண்டும். வண்டு வராவிடின் நமது கை.

கண்ணில்லாத பூ, தன்னையும் பிறரையும் எவ்வாறு பிரித்தறிகின்றது?

காற்றும் வண்டும் எத்தனையோ செடிகளின் மகரந்த மணிகளைக் குறியின்மேற் கொட்டுகின்றன. மணி உலர்ந்தது. நீர் பெற்றால்தான் அது முளைத்துக் குழாய் விடும். அக்குழாய் தம்பத்தினூடே இறங்கிச் சூல்வித்தை அடையும். கோவாக் குடும்பத்தில் விசாரணை வாயிலிலேயே நடக்கின்றது. மணியின் மேற்பூச்சில் ஒரு சிறு புரதமும், குறியின் கலங்களில் அதற்கேற்ற மற்றொரு புரதமும் உள்ளன. திறப்பும் பூட்டும் போல என்று சொல்லலாம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: இங்கே திறப்புப் பூட்டிற் பொருந்தினால் கதவு அடைபடும்! பொருந்தியது தன்னுடையது என்பதற்கு அடையாளம். உடனே நீர் மறுக்கப்படும், மணி வாளாகிடக்கும். குறியின் புரதத்தை 1991 இலும், மகரந்தத்தின் புரதத்தை 1999 இலும் அறிஞர் கண்டறிந்தனர்.

பெற்றூனியாச் செடியின் முறை வேறு. அது குழாயை உள்ளே விட்டு, நடுவழியில் மடக்குகின்றது. தம்பத்திலுள்ள நொதியம் ஒன்று, தன் மகரந்தக் குழாயின் ஆர்.என்.ஏ. யைச் சிதைத்துவிடும். அயல் வகைக் குழாய்க்கோ அந்நொதியத்தைச் செயலிழக்கச் செய்யும் உபாயம் தெரியும்.

இத்துறையில் பாரத நாட்டவர் செய்த பணி பெரிது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரி (1904–1966) கருவியல் ஆய்வுக்கு ஒரு பரம்பரையையே உருவாக்கினார். 1962 இல் காந்தா, ரங்கசாமி, மகேஸ்வரி ஆகியோர் கசகசாச் செடியின் சூல்வித்துக்களைச் சோதனைக் குழாயில் கருவுறச் செய்தனர். 1967 இல் ரங்கசாமியும் சிவண்ணாவும் பெற்றூனியாவின் குறியையும் தம்பத்தையும் தவிர்த்து, அதன் மகரந்தத்தை அதன் சூல்வித்துக்களின் அருகிலேயே இட்டனர். விதை உண்டாயிற்று! சூல்வித்துக்கு மறுப்பேதும் இல்லை. தடையெல்லாம் வழியிலேதான் என்பது வெளியாயிற்று. எளிய சோதனைதான், ஆயினும் இதனை நாம் மிகவும் வியக்கின்றோம்.

ஏன் இத்தனை காவல்? தன் மகரந்தத்தாற் பிறந்த நாற்றுக்கள் பலவற்றில் வளர்ச்சி குன்றுவதை டார்வின் 1876 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். இதனைக் கோத்திரம் பார்ப்பதற்கு ஒப்பிடுவோர் உண்டு. ஒப்புமை அழகுதான், மேலும் இழுத்தால் அறுந்துவிடும். தம்பலகாமத்து வயலில் விளையும் நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கின்றது. அதனாலன்றோ கமக்காரன் எடுத்துவைத்த விதைநெல், அடுத்த போகத்திலும் அதே இனமாக விளைகின்றது!

அன்னாசியும் தன் மகரந்தத்தை ஏற்காத இனமே. கருவுறாமலே அது பழுக்கும் இயல்புடையது. தோட்டம் முழுவதும் ஒரே வகையை நடுவதால் நாம் உண்ணும் பழத்தில் விதை இல்லை. இரு வகைகளை அருகருகே நட்டு, மகரந்தமும் மாறிவிட்டால், சிறிய கடிய விதைகள் பல்லிற் படும்.