வயது வரம்பும் பெண்ணின் பணியுரிமையும்



பணியில் பெண் எத்துணை விரைவில் ‘மூத்தவள்’ ஆக்கப்படுகிறாள் என்பதற்கு ஏர் இந்தியா வழக்கு ஒரு சான்று. விமானத்தில் உடன் பணியாற்றிய ஆண் பர்சர்களுக்கு ஓய்வு வயது 58, பணிப்பெண்களுக்கோ 35. அதன்பின் 45 வரை நீடிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம். முதன்முறை கருவுற்றாலும் வேலை பறிபோகும்.

1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியையும், வரையறையற்ற அந்த விருப்ப அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால், இரு சாராரும் வெவ்வேறு பணிப்பிரிவினர் எனக் கூறி, வயது வேறுபாட்டைப் பாகுபாடாக ஏற்கவில்லை.

அரசியல் சட்டத்தின் 16-ஆவது ஷரத்து பாலினத்தைக் குறிப்பிடுகிறது, வயதைக் குறிப்பிடவில்லை. எனவே, விதிகளை வகுக்கும் அலுவலர்களும் நாளை வகுக்கவிருக்கும் மாணவர்களும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவ்வரம்பு பணியின் தேவையா, பெண்ணின் தோற்றத்தைப் பற்றிய எதிர்பார்ப்பா? அனுபவம் முதிரும் வேளையில் அவளை வெளியேற்றுவது நாட்டிற்கும் இழப்பே.