விடுமுறையிற் கூத்துப் பயில்வோம்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில், பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



எனக்குத் தரப்பட்ட பொருள் இளைஞரும் விடுமுறையும் என்பது. காலத்தை வீணாக்கலாகாது என்னும் அறிவுரையையே இவன் திருப்பிச் சொல்லப் போகிறான் என்று பெரியோர் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அவ்வறிவுரையை நீங்கள் வீட்டிலேயே போதிய அளவு வழங்கிவிட்டீர்கள். ஆதலால் அதனை விடுத்து, ஒரு விண்ணப்பத்தோடு உங்கள் முன் நிற்கிறேன். வருகின்ற பெரஹரா விடுமுறையில், பதின்மூன்று வயது முதல் இருபத்திரண்டு வயது வரையுள்ள நம் பிள்ளைகளுக்கு இம்மன்றம் மூன்று கிழமை கூத்துப் பயிற்சி நடத்த வேண்டும்.

ஏன் பெரஹரா விடுமுறை என்று கேட்கலாம். அது கண்டிக்கென்றே வாய்த்த விடுமுறை. பாடசாலைகள் மூடப்படுகின்றன, காவற் படையினர் வகுப்பறைகளிற் குடியேறுகின்றனர், வீதிகள் அடைபடுகின்றன. நம் பிள்ளைகள் வீட்டு மாடியில் நின்று யானை எண்ணுகிறார்கள். யானும் எண்ணியவன்தான். ஆனால் அவ்வூர்வலத்திலே, என் தோளுயரம்கூட இல்லாத சிறுவர்கள், வெஸ் நடனக்காரருக்கு முன்னும் பின்னுமாக, கால் பிசகாது ஆடிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் தம் ஊர்க் குருன்னான்சேயிடம் கற்றவர்கள். அவர்களுக்கு ஆட ஓர் ஆட்டமும், அதனைக் கற்பிக்க ஒரு பெரியவரும், கற்றதைக் காட்ட ஒரு வீதியும் உண்டு. நமக்கும் இம்மூன்றும் உண்டு என்பதை யான் இருபது வயது வரை அறிந்திலேன்.

மேனாட்டார் இளைஞரின் விடுமுறையை நாடகத்திற்குப் பயன்படுத்துவதில் வல்லவர்கள். 1956ஆம் ஆண்டிலே மைக்கல் குரோஃப்ட் என்னும் ஆசிரியர், இலண்டன் மாநகரிலே டல்விச் பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றின் பையன்களைக் கோடை விடுமுறையில் ஒன்று கூட்டி, சேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தை மேடையேற்றினார். அதிலிருந்தே தேசிய இளைஞர் நாடக அரங்கு பிறந்தது. இருபதாண்டு கழித்து, 1976இல், பாட்டும் ஆட்டமும் நடிப்பும் ஒன்றாய்ப் பயிலும் தேசிய இளைஞர் இசை நாடக அரங்கு தோன்றிற்று. அமெரிக்காவில் இதற்கெனவே மலைப்புறங்களில் விடுதி அமைத்துப் பயிற்றுகின்றனர். முன்பின் அறியாத பிள்ளைகள் சில கிழமை ஒன்றாகத் தங்கி, காலையிற் குரற் பயிற்சியும், பகலில் ஆட்டமும், மாலையில் ஒத்திகையுமாகக் கழித்து, முடிவிலே பெற்றோர் முன் ஒரு நாடகத்தை ஆடிவிட்டுப் பிரிகின்றனர்.

இம்முறையின் சுவையை யான் ஓரளவு அறிவேன். யான் பயின்ற மிஷன் பாடசாலையிலே ஒலிவர் என்னும் ஆங்கில இசை நாடகத்தை ஆடினோம். எனக்குக் கிடைத்தது கஞ்சிக்குக் கையேந்தும் அநாதைப் பையன்களுள் ஒருவன் வேடம். பாடுபவன் அருகில் நிற்பவனின் மூச்சையும் கேட்டுப் பாட வேண்டும் என்பதை அங்குதான் கற்றேன். குறித்த நேரத்திற்கு வருவதையும் அங்குதான் கற்றேன். இது நம் மன்றக் கூட்டங்களிற் கற்க இயலாத ஒன்று. அந்த ஆசிரியர்க்கு இன்றும் நன்றியுடையேன்.

அந்நாடகத்தைக் காண என் தாத்தா தோட்டத்திலிருந்து வந்திருந்தார். சாரமும், அதன் மேல் பழைய கோட்டும் அணிந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார். நாடகம் முடிந்ததும் நண்பரொருவன் அவர் யாரென வினவ, "எங்கள் ஊர்க்காரர்" என்று சொன்னேன். பொய்யன்று, ஆனால் உண்மையும் அன்று. தாத்தாவின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, இன்றுவரை யான் அறியேன். பஸ்ஸில் வரும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, ஒங்க ஆட்டம் அவ்வளவுதானா? ரெண்டு மணித்தியாலத்துல முடிஞ்சிருச்சே. நாங்க ஆரம்பிச்சா விடிஞ்சுதான் சலங்கைய அவுப்போம்."

அவர் சொன்னது காமன் கூத்தை. ஹந்தானை மலைச் சரிவிலுள்ள எங்கள் தோட்டத்திலே அவர் பல ஆண்டுகள் ரதியாக ஆடியவர் என்பதை அம்மா பின்னர்தான் எனக்குச் சொன்னார்.

நகரத்தில் வளர்ந்தோர் பொருட்டு அக்கூத்தைச் சிறிது விளக்குகிறேன். மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் தோட்டத்திலே காமன் ஊன்றுவார்கள். அன்று தொடங்கி, இரவுதோறும் தப்பு முழங்க, லயத்து மக்கள் கூடிப் பாடுவர். மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் பூணுவோர் நோன்பு காக்க வேண்டும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள். அவன் கேளாது செல்கிறான். நெற்றிக் கண்ணால் எரிந்து போகிறான். கதை எல்லாரும் அறிந்ததே. ஆயினும் ரதி புலம்பும்போது கண் கலங்காத கிழவியரை அங்கு காண முடியாது. பகல் முழுதும் கொழுந்தெடுத்த களைப்போடு இரவிற் கண்விழித்திருக்கும் மக்கள் அவர்கள். தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்த நம் முன்னோர் பெட்டியிலே கொண்டு வந்தது குறைவு. நெஞ்சிலே கொண்டு வந்தது இது.

நிற்க. இத்தகைய கூத்தைப் படித்த இளைஞர் பயில்வது புதுமையன்று. அதற்கு வழிகாட்டிய இடம் நமக்கு நாலு கட்டை தூரத்திலேயே இருக்கிறது. 1956ஆம் ஆண்டிலே, குரோஃப்ட் இலண்டனிற் பையன்களைக் கூட்டிய அதே ஆண்டிலே, பேராதனைப் பல்கலைக்கழக மாணவ மாணவியரைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அரங்கேற்றினார். அதன் ஆட்டத்தையும் பாட்டையும் அவர் நாடகம என்னும் சிங்களக் கூத்து மரபிலிருந்து எடுத்தார். அந்நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து சென்றது என்பதை அவரே எழுதியிருக்கிறார். பேராசிரியராய் இருந்தும் அவர் தனியே செய்யவில்லை. அம்பலாங்கொடையிலிருந்து சார்லஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் மரபுக் கலைஞர் வந்து இசையைச் சொல்லிக்கொடுத்தார்.

சில ஆண்டுகளிற் பேராதனைத் தமிழ்த் துறையிலே சு. வித்தியானந்தன் அவர்கள் அப்பணியைத் தமிழிற் செய்தார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலி வதை என மட்டக்களப்புக் கூத்துமரபில் நான்கு நாடகங்கள் மாணவரைக் கொண்டு மேடையேறின. விடிய விடிய ஆடும் கூத்து நகர மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. அங்கும் ஆட்டம் பழக்க வந்தவர் பட்டதாரியல்லர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளிலே பேராசிரியராகி, அதே கூத்தைத் தம் மாணவருக்குப் பயிற்றினார்.

தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலிலே கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும், அவர் துணைவியார் ஹன்னே டி புருயினும் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினர். பிள்ளைகள் அங்கு தங்கிப் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்றனர். ஆண்களே ஆடி வந்த அவ்வாட்டத்தைப் பெண் பிள்ளைகளும் பயின்று மேடையேறினர். 2020இல் அக்குருகுலம் மூடப்பட்டுவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் நடந்ததே பெரிது என்பது என் எண்ணம். நாம் கேட்பதோ மூன்று கிழமை.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, சென்ற மாசியில் எங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரைக் காணச் சென்றேன். எழுபது கடந்தவர். அவ்வாண்டு அங்கு காமன் ஊன்றவில்லை. மன்மதனாக ஆடியவன் கொழும்பிலே புடவைக் கடையில் நிற்கிறான். ரதியாக ஆட ஆள் இல்லை. தப்பு ஒன்று சுவரில் தொங்கிற்று. பாட்டெல்லாம் எழுதிய கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். மழையிற் கூரை ஒழுகி, பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "எழுத்து போனா போகட்டும், எங்கிட்ட இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அச்சமூட்டியது அதுதான்.

யான் என் திட்டத்தை விரித்தேன். ஓகஸ்ட் மாதத்தில் மூன்று கிழமை பயிற்சி. முடிவிலே மன்ற மண்டபத்தில், திரையும் மின்விளக்கும் அமைத்து, ஒன்றரை மணி நேரக் காமன் கூத்து. பெருமையாகவே சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை பேசவில்லை.

"தம்பி, காமன நெனச்ச மாசத்துல ஊன்ட ஏலாது. வெரதம் இல்லாம ரதி வேசம் கட்ட ஏலாது. ஒங்க மண்டபத்துல எரிக்கத்தான் விடுவாங்களா?"

இதற்கு என்னிடம் விடையில்லை. சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்.

"படிச்சுக் குடுக்கிறதுக்கு மாசம் கெடையாது. பாட்டும் அடியும் அங்க வந்து சொல்லித் தாரேன். ஆடுறது மாசியில. ஆடுறது இங்க."

சபையோரே, எனக்கு விளங்காதிருந்தது இதுவே. மேனாட்டு முறையில் விடுமுறை முடிய நாடகமும் முடிகிறது. உடைகளைப் பெட்டியிலிட்டுப் பிள்ளைகள் பிரிகின்றனர். பேராதனையிலே கூத்து நகரத்திற்கு வந்தது. அது அக்காலத்திற்கு வேண்டியிருந்தது, அதனைக் குறை கூறேன். மாஸ்டரின் முறையிலோ நகரத்துப் பிள்ளை கற்றுக்கொண்டு தோட்டத்திற்குச் செல்ல வேண்டும். மண்டபத்தில் அரங்கேற்றம் இல்லை. கைதட்டலும், பிரதம விருந்தினரும், பொன்னாடையும் இல்லை. ஆறு மாதம் கழித்து, குளிரிலே, லயத்து வாசலிலே, தவறினால் உடனே திருத்தத் தெரிந்த கிழவியர் முன் ஆட வேண்டும்.

தடைகளையும் மறையாது சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சையும் டியூஷனும் இருக்கையில் கூத்து எதற்கு என்பர் பெற்றோர். காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையே பயிற்சி. அதன் பின் கணக்குப் படிக்கலாம். வேறொன்று இதனிலும் கடியது. மண்டபத்திற்குத் தப்பு வரலாமா என்று சில பெரியோர் மெல்லக் கேட்பர் என்பதை அறிவேன். மிருதங்கம் மேடையேறுகையில் தப்புக்காரர் வாயிற்படியோடு நின்ற காலம் வெகு தொலைவில் இல்லை. தப்பில்லாமற் காமன் கூத்து இல்லை. அதனை வாசிப்பவர் மாஸ்டரின் பக்கத்திலே, அதே பாயில் அமர்வார். அவருக்கும் அதே கிளாசில் தேநீர் வரும். இதற்கு இசையாவிடின் இத்திட்டத்தை இப்போதே தள்ளிவிடுங்கள். யான் வருந்தமாட்டேன் என்று சொல்ல இயலாது, ஆயினும் பாதித் திட்டத்தை ஏற்கமாட்டேன்.

பெண் பிள்ளைகள் பயிலலாமா என்பதை யான் தீர்மானிக்கவில்லை; மாஸ்டரிடமே கேட்டேன். என்னோடு வந்திருந்த தங்கையைப் பார்த்து, "பாடச் சொல்லுங்க பாப்போம்" என்றார். அவள் தாத்தா வீட்டில் முணுமுணுக்கக் கேட்ட ரதி புலம்பலில் நான்கடி பாடினாள். மூன்றாம் அடியில் அவர் கை தாமாகவே தாளம் போட்டது. "ரெண்டாவது எடத்துல மூச்ச உடுறா. அத மட்டும் பாத்துக்கலாம்" என்றார். லயத்தில் அவள் ஆடலாமா என்பது தோட்டத்துப் பெரியவர்கள் கூடிச் சொல்ல வேண்டியது. பாட்டைக் கற்பதற்கு அவர் மறுப்பில்லை.

செலவு பெரிதன்று. மாஸ்டருக்கும் தப்புக்காரருக்கும் பஸ் கட்டணமும் பகலுணவும், அவர்கள் இழக்கும் நாட்சம்பளமும் கொடுக்க வேண்டும். இலவசமாக வருவதாக அவர் சொன்னார்; நாம் அதனை ஏற்கலாகாது. பாட்டைப் பதிவு செய்யக் கைத்தொலைபேசி போதும். அந்தக் கொப்பியின் ஒட்டிய பக்கங்களைப் பிரித்து, அவர் சொல்லச் சொல்லப் படியெடுக்க இருவர் வேண்டும். அதற்குப் பேராதனைத் தோழர் ஒருவரும் யானும் முன்வந்துள்ளோம். தாத்தா இப்போது ஆடுவதில்லை, முழங்கால் வலி. ஆனால் முதல் நாள் வந்து முன்வரிசையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் யாரென்று கேட்போருக்கு இம்முறை சரியான விடையைச் சொல்வேன்.

பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாயிலில் என் தங்கை கொப்பியோடு நிற்கிறாள். முதற் பெயர் அவளுடையது. இரண்டாவது இடம் காலியாக இருக்கிறது.